கால் மணி நேரக் கட்டைவிரல்

தராசுத் தொழிற்சாலை முதலாளிக்குக் கட்டைவிரல் என்றால் உயிர். கையில் இருக்கிற கட்டைவிரல் இல்லை. கம்பெனி சர்வரில் வருகிற செய்திக்குக் கீழே தொட்டால் முளைக்குமே, மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டிக் கட்டைவிரல், அது. அவர் எதை எழுதினாலும் எல்லோரும் படிக்க வேண்டும். படித்ததற்கு அடையாளமாக அந்த விரலைத் தூக்க வேண்டும். யார் தூக்கவில்லை என்கிற பட்டியல் அவர் மேஜைத் திரையில் சிவப்பாக நிற்கும். சிவப்பில் நின்றவர்களை அறைக்குக் கூப்பிட்டு, "படிச்சீங்களா?" என்பார். "படிச்சேன் சார்" என்பார்கள். "அப்ப விரல் எங்க?" என்பார்.

கடைசல் பிரிவில் கை முழுக்க எண்ணெயோடு நிற்கிறவன் வேலையை விட்டுவிட்டு விரலைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. ஆனால் முதலாளியிடம் அப்படிச் சொல்லவும் முடியாது. அதனால் எல்லோரும் பேசி வைத்தது போல ஒரே பதிலைக் கண்டுபிடித்தார்கள். "போட்டேன் சார், சர்வர் முழுங்கிடுச்சு." அவ்வளவுதான், அடுத்த அழைப்பு அட்மினுக்கு வரும்.

சர்வரைப் பார்த்துக்கொள்கிறவனை அட்மின் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் காலிசெய்து அவனுக்கும் சர்வருக்குமாகக் கொடுத்திருந்தார்கள். முதலாளி அறையில் வேண்டாமென்று கழற்றிய ஏசி அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஒரு வாளி. வாளி நிறைந்தால் ஊற்றிவிட்டு வருவதும் சர்வர் பராமரிப்பில் ஒரு பகுதி என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்.

செய்யாத குற்றத்துக்கு எத்தனை தடவைதான் ஒருவன் போய் நிற்பான்? ஒரு நாள் பொறுமை போய், சர்வரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிற மாதிரி ஒரு சின்ன நிரலை எழுதினான். செய்தி வந்து கால் மணி நேரத்துக்குள் யாராவது விரல் தூக்கவில்லை என்றால், நிரலே அவர் பேரில் தூக்கிவிடும். படித்துவிட்டதாகக் குறித்தும் வைத்துவிடும். படிக்காத செய்தி கறுப்பாகத் தடித்து நிற்குமில்லையா, அந்தக் கறுப்பும் போய்விடும். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாளே முதலாளியின் திரையில் சிவப்பு இல்லை. ஆண்டுக் கூட்டத்தில் மேடையேறி, "இப்பதான் நம்ம கம்பெனிக்கு ஒழுங்கு வந்திருக்கு" என்று தழுதழுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அட்மினும் தட்டினான்.

ஒழுங்கு வந்த சந்தோஷத்தில் முதலாளி புதுப் புதுக் குழுக்களாகத் தொடங்கித் தள்ளினார். தீப் பாதுகாப்பு, குழாய்களை மூடுவோம், காலைச் சிந்தனை, மாலைச் சிந்தனை. ஒவ்வொரு குழுவின் பேரையும் நிரலில் சேர்த்துச் சேர்த்து அட்மினுக்கு அலுத்துவிட்டது. ஒரு மத்தியானம் பேர்களையெல்லாம் அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'எல்லாம்' என்று போட்டான். பக்கத்தில் தனக்கே ஒரு குறிப்பும் எழுதி வைத்தான்: 'தற்காலிகம். பிறகு பார்க்கவும்.' இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், அப்படி எழுதினால் இந்த ஜென்மத்தில் யாரும் பார்க்கப்போவதில்லை என்று அர்த்தம்.

எல்லாம் என்றால் எல்லாம்தான். அதில் அவன் வீடும் இருந்தது.

அவன் மனைவிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, அளவுச் சோதனை அறையில். மில்லிகிராம் என்று அவளுக்குப் பேர். பட்டப்பேர்தான், ஆனால் பாராட்டாக வைத்தது. வெளியே போகிற ஒவ்வொரு தராசும் அவள் கையைத் தாண்டித்தான் போகவேண்டும். எடைக்கல்லை விரலால் தொடமாட்டாள், இடுக்கியால்தான் எடுப்பாள். விரலின் வியர்வைக்கும் எடை உண்டு. அந்த அறைக்குள் போனுக்கு அனுமதி இல்லை. வாசலில் பூட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனால், சாப்பாட்டு நேரத்திலும் வீட்டுக்குக் கிளம்பும்போதும்தான் திரும்ப எடுப்பாள்.

குடும்பப் பேச்சையும் கம்பெனி சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அட்மின் அவளைக் கரைத்திருந்தான். வெளி ஆப்புக்காரன் நம் பேச்சை விற்றுவிடுவான் என்பது அவன் கட்சி. இருக்கிறது இரண்டு பேர். அதற்கு மூன்று குழுக்கள் திறந்தான். வீடு-பொது, வீடு-வாங்கவேண்டியவை, வீடு-முடிவுகள்.

"நாம ரெண்டு பேருதானங்க? வாயால பேசிக்கக் கூடாதா?" என்று அவள் அப்போதே கேட்டாள்.

"வாயால பேசினா பதிவு இருக்காது" என்றான் அவன்.

அவள் அந்தக் குழுக்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எப்போது போனை எடுத்தாலும் அங்கே கறுப்பாக எதுவும் நிற்காது. அப்புறம் எதற்குத் திறப்பாள்? பால், சோப்பு, கேஸ் என்று ஏதாவது வேண்டுமென்றால் நேரில் சொல்லிவிடுவாள். அட்மினோ முறைப்படி முடிவுகள் குழுவில் கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணனுக்குப் புது வீடு கிடைக்கும் வரை நம் முன்னறையில் தங்கட்டுமா? விரல். படுக்கையறைக்குச் சாம்பல் நிறப் பெயிண்ட் அடிக்கலாமா? விரல். சர்வரைப் புதுப்பிக்கிற வேலை இருக்கிறது, இந்த வருஷம் லீவுக்கு எங்கேயும் போக வேண்டாம், பரவாயில்லையா? அதற்கும் விரல்.

என்ன மனசு இவளுக்கு என்று பூரித்துப்போனான். டீக்கடையில், "எங்க வீட்ல சண்டையே கிடையாதுப்பா" என்று பெருமை பேசினான். பகல் முழுக்கப் போனைப் பெட்டியில் பூட்டி வைக்கிறவள் எப்படிக் கால் மணி நேரத்தில் பதில் சொல்கிறாள் என்று, அந்த நிரலை எழுதின மகானுக்கே தோன்றவில்லை. கேட்டதெல்லாம் கிடைத்துக்கொண்டிருக்கும்போது யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

அண்ணன் வந்து சேர்ந்தார். கூடவே ஓர் உடற்பயிற்சி சைக்கிளும் வந்தது. அதில் அவர் ஏறி யாரும் பார்த்ததில்லை; அவருடைய துண்டு மட்டும் தினமும் ஏறும். சோபாவில் சாய்ந்துகொண்டு டிவிச் செய்தி வாசிக்கிறவரோடு வாதம் செய்வார். புது வீடு கிடைத்தபாடில்லை. மில்லிகிராமோ, கணவன் ஒரு வார்த்தை கேட்காமல் கூட்டி வந்துவிட்டான் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். படுக்கையறை ஒரு நாள் சாம்பல் நிறமானபோதும் கடித்துக்கொண்டாள். அண்ணனோ அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். "என் தம்பி கேட்டானாம், கால் மணி நேரத்துல சரின்னுட்டாளாம். இந்தக் காலத்துல யாருக்கு வரும் அந்த மனசு?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அரைகுறையாகக் காதில் விழுந்ததில், அவர் ஏதோ புகழ்கிறார் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

அப்படியிருக்கும்போதுதான் ஏசி தன் வேலையைக் காட்டியது. வாளி நிறைந்து வழிந்து, தண்ணீர் சர்வர் இருந்த அலமாரியின் காலடிக்கே வந்துவிட்டது. அன்று மத்தியானம் முழுக்க அட்மின் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, துடைத்துப் பிழிந்து, துடைத்துப் பிழிந்து, ஆளே நொந்துபோனான். போன் எங்கேயோ நாற்காலிமேல் கிடந்தது. சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து போனை எடுத்துப் பார்த்தான். கறுப்பாக எதுவும் இல்லை. அப்பாடா என்று வீட்டுக்குப் போனான்.

அதற்குப் பிறகு மில்லிகிராமின் பேச்சு குறைந்துவிட்டது. கேட்டதற்குப் பதில், அதுவும் கிராம் கணக்கில். இவன் அதையும் நிம்மதி என்றே எடுத்துக்கொண்டான். ஒரு நாள் பரணிலிருந்து பெரிய பெட்டி இறங்கியது. தூசி தட்டுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தான். பெட்டிக்குள் துணிகள் போக ஆரம்பித்தபோது, பீரோவை ஒழுங்கு செய்கிறாள் என்று நினைத்தான். நல்லதையே நினைப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன்தான் உடைத்தார். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவ போற ஊர்ல குளிர் ஜாஸ்தியாம்டா. என் கம்பளிய குடுத்திருக்கேன், மறக்காம எடுத்துக்கச் சொல்லு" என்றார்.

"யார் போறா? எந்த ஊருக்கு?"

"உன் பொண்டாட்டிடா. புதுசா தொடங்குற தொழிற்சாலைக்கு. ரெண்டு வருஷத்துக்காம்." இப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "என்னடா முழிக்கிற? நீதான சரின்ன?"

அட்மின் படுக்கையறைக்குப் போனான். அவள் கட்டிலில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?"

"துணி."

"எங்க போற?"

"முடிவுகள்ல போட்டிருக்கேன். பதிவு இருக்கு, பாருங்க."

போனை எடுத்துத் திறந்தான். தண்ணீர் கொட்டிய அந்த நாளின் தேதி. அவள் எழுதியிருந்தாள்:

'புது தொழிற்சாலையில சோதனை அறைக்குத் தலைமைப் பொறுப்பு எனக்குக் குடுக்கறாங்க. ரெண்டு வருஷம் அங்கேயே இருக்கணும். எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு. ஆனா நீங்க வேண்டாம்னா போகமாட்டேன். என்ன நினைக்கிறீங்க? ஒரு வரியாவது எழுதுங்க.'

அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல், அவன் பேரில். சரியாகக் கால் மணி நேரம் கழித்து.

"இத நான் போடல" என்றான்.

"உங்க பேர் இருக்கே."

"பேர் இருக்கு. ஆனா நான் போடல."

"அப்ப மேல இருக்கறதெல்லாம் நான் போட்டதா?" அவள் துணியைக் கீழே வைத்தாள். போனை அவன் கையிலிருந்து வாங்கி மேலே தள்ளினாள். "உங்க அண்ணன் தங்கட்டுமா, அதுக்கு என் விரல். சாம்பல் பெயிண்ட், என் விரல். லீவு வேண்டாம், என் விரல். இதுல ஒண்ணக்கூட நான் பார்த்ததில்ல. சரி, இவ்ளோ பெரிய விஷயம், இவர் ஆசைப்படற மாதிரி முடிவுகள்லயே கேப்போம்னு அன்னிக்கு மத்தியானம் மொத தடவையா திறந்தேன். திறந்தா நான் எல்லாத்துக்கும் சம்மதிச்சு வச்சிருக்கேன். அட்மின் நீங்கதானே? நீங்களே என் பேர்லயும் போட்டுக்கிட்டீங்கன்னு நெனச்சேன். ஆனாலும் கேட்டேன். ஒரு வரின்னு கெஞ்சிக் கேட்டேன். விரல் வந்துது."

அவன் நடந்ததைச் சொன்னான். எண்ணெய்க் கை, சர்வர் முழுங்கியது, நிரல், குழுக்கள், 'எல்லாம்'. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அது அவள் தொழில் வழக்கம். முழுசாக வைத்து முடிக்கும் வரை எடை பார்க்கமாட்டாள்.

"எத்தன பேருக்கு இப்படி?"

"கம்பெனி முழுக்க."

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"அப்ப நீங்க என் பேர்ல கள்ளக் கையெழுத்து போடல."

"சத்தியமா இல்ல." அவனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"கள்ளக் கையெழுத்தே தேவலைங்க" என்றாள். "போடறவன் அந்த ஒரு நிமிஷமாவது நம்மள நெனச்சிருப்பான்."

அவனுக்கு வந்த உயிர் போய்விட்டது. முன்னறையில் அண்ணன் யாரையோ, "அதெப்படிய்யா நீ சொல்லலாம்?" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்டுக் குழுவ மட்டும் இப்பவே எடுத்துடறேன்" என்றான் அட்மின். "ஒரே ஒரு வரிதான் மாத்தணும்."

"எத வச்சாலும் ஒரே எடை காட்டற தராசு ஒண்ணு கைக்கு வந்தா, நாங்க அத மட்டும் எடுத்து வைக்கமாட்டோம். அதோட சேத்து செஞ்ச எல்லாத்தையும் நிறுத்திடுவோம்."

"முழுசா நிறுத்தினா முதலாளிக்குத் தெரிஞ்சுடும். என் வேலயே போயிடும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்ற?"

"நிறுத்துங்க. நிறுத்திட்டு, நான் கேட்டதுக்கு பதில் சொல்லுங்க. எனக்கு வியாழக்கிழமை ரயில்." மறுபடி துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

போகாதே என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் நிரலை நிறுத்தாமல் அப்போது சொன்னால், வேலைக்குப் பயந்து சமாளித்ததாகத்தான் ஆகும். அது அவனுக்கே தெரிந்தது. அந்த ராத்திரி சாம்பல் நிறச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். கண்றாவி நிறம்.

திங்கள் காலை முதல் வேலையாக நிரலைத் திறந்தான். 'தற்காலிகம். பிறகு பார்க்கவும்' என்று அவனுடைய குறிப்பு அவனையே பார்த்தது. நிறுத்தினான். நிறுத்துவது அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

முதலாளி வழக்கம்போலக் காலைச் சிந்தனை எழுதினார். நேரத்தின் அருமை பற்றி ஒரு பத்தி. கால் மணி நேரம் போனது. விரலே இல்லை. இல்லை, ஒன்று இருந்தது. வாயிற்காவலருடையது. இரண்டு வருஷமாக அந்த ஒரு மனிதர்தான் நிஜமாகவே படித்துக்கொண்டிருந்தார் என்று அட்மினுக்கு அப்போதுதான் தெரிந்தது. படிக்க அவருக்கு நேரம் இருந்தது. கதவைத் திறந்து மூடுவதற்கு இடையில் படித்திருக்கிறார்.

முதலாளியின் அறைக்கதவு திறந்தது. மனிதர் தானே இறங்கி வேலைக் கூடத்துக்கு வந்தார். பல பேர் அவரை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்த்தார்கள். கடைசல்காரரிடம் போய், "இன்னிக்கு நான் எழுதினத படிச்சீங்களா?" என்றார்.

"என்ன சார் எழுதினீங்க?" என்றார் கடைசல்காரர், நிஜமான ஆர்வத்தோடு.

பக்கத்து மேஜைக்குப் போனார், அதற்கடுத்த மேஜைக்குப் போனார். எல்லா இடத்திலும் அதே ஆர்வம். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. முதலாளி கேன்டீன் ஓரத்தில் நின்று பார்த்தார். இடைவேளையைப் பத்து நிமிஷம் குறைத்துப் போன வருஷமே எழுதியிருந்தார். எல்லோரும் விரல் தூக்கி ஏற்றுக்கொண்டும் இருந்தார்கள். ஆனால் யாரும் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. ஒருவர் மேஜைமேல் தலைவைத்துத் தூங்கவே ஆரம்பித்துவிட்டார்.

"பத்து நிமிஷம் குறைக்கறதுக்கு நீங்க எல்லாரும்தானே ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார் முதலாளி.

"எப்ப சார்?" என்றது கேன்டீன்.

அட்மின் அதற்குமேல் காத்திருக்கவில்லை. முதலாளி அறைக்குத் திரும்பியதும் தானே போய்க் கதவைத் தட்டினான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். மனைவியிடம் ஒரு தடவை சொல்லிப் பழகியிருந்ததால் கோர்வையாகவே வந்தது.

முதலாளி வெகு நேரம் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "என் பேருலயுமா?" என்றார்.

"எல்லாம்னா எல்லாம் சார்."

திரையைத் தன் பக்கம் திருப்பி, தான் எதற்கெல்லாம் விரல் தூக்கியிருக்கிறோம் என்று மெல்லத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கேன்டீனுக்குப் புது நாற்காலி. ஸ்டோர்காரரின் லீவு. திரும்பவும் ஸ்டோர்காரரின் லீவு. கணக்குப் பிரிவு எழுதியிருந்தது: வாசலில் இருக்கும் நீரூற்றால் தண்ணீர் வீண், நிரந்தரமாக மூடிவிடலாமா?

"அதான் நீரூற்று நின்னு போச்சா?" என்றார். "நான் ரிப்பேருன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்."

அட்மினுக்குள் அப்போது ஓர் எண்ணம் எழுந்தது. மில்லிகிராமை அனுப்புகிற முடிவும் இப்படி வந்ததாக இருந்தால்? யாரோ கேட்டு, யாரும் பார்க்காமல், நிரல் தூக்கின விரலாக இருந்தால்? இப்போதே வாயைத் திறந்து சொல்லலாம். முதலாளி ரத்து செய்துவிடுவார். ரயில் இல்லை, குளிர் இல்லை, அவள் இங்கேயே இருப்பாள். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான், மனதார ஆசைப்பட்டான். நல்ல ஆசை என்று சொல்ல முடியாது.

"சார், புது சோதனை அறைக்கு ஆள் போட்டது... அதுவும் விரல்தானா?"

முதலாளி நிமிர்ந்தார். "அது நான் நேர்ல போயி வாயால சொன்னது. உள்ள ஏதோ எடை பார்த்துட்டிருந்தாங்க. கதவ திறந்தா காத்து பட்டு கணக்கு கெட்டுடும், அங்கயே நில்லுங்கன்னு கண்ணாடி வழியா கையக் காட்டினாங்க. கம்பெனிக்கே முதலாளி நான், அந்த ரூம் வாசல்ல எவ்ளோ நேரம் நின்னேன் தெரியுமா?" கொஞ்சம் யோசித்தார். "நிக்கறப்பதான் இந்தம்மாவ தலைமையா போடணும்னு முடிவு பண்ணேன். போறப்ப வேற எதுக்கோதான் போனேன்."

அட்மின் தலையாட்டினான். ஆசை போன இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது.

"உன்ன வேலய விட்டு அனுப்பணும்" என்றார் முதலாளி.

"ஆமா சார்."

"அனுப்பினா சர்வர யார் பார்ப்பா?"

"யாருமில்ல சார்."

அந்தப் பதில் முதலாளிக்குப் பிடிக்கவில்லை; ஆனால் உண்மை. விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், "இனிமே நான் எழுதறது ஒவ்வொண்ணையும் நீயே ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் சத்தமா படிச்சுக் காட்டு. கேட்டுட்டு என்ன சொல்றாங்களோ, அதை என்கிட்ட வந்து அப்படியே சொல்லு" என்றார். "காலைச் சிந்தனையும் உண்டு. மாலைச் சிந்தனையும் உண்டு."

வேலை போகவில்லை. போயிருந்தால் தேவலையோ என்று கடைசல் பிரிவைத் தாண்டும்போது நினைத்துக்கொண்டான்.

சோதனை அறைக்குப் போனான். போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மில்லிகிராம் குனிந்திருந்தாள். இடுக்கியால் ஒரு குட்டி எடைக்கல்லை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டில் வைத்தாள். எண்கள் ஓடி அடங்கும் வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவனைப் பார்த்தாள். அங்கேயே நில்லுங்கள் என்று கையைக் காட்டினாள்.

இத்தனை வருஷத்தில் அவள் வேலை செய்வதை அவன் நின்று பார்த்ததில்லை. அவள் இன்னொரு கல்லை எடுத்தாள், வைத்தாள், காத்திருந்தாள். எடுத்தாள், மறுபடி அதையே வைத்தாள். முதல் தடவையே சரியாகத்தானே காட்டியது என்று அவனுக்குத் தோன்றியது. அவளுக்குத் தோன்றவில்லை. அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் அவன் வீட்டில் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. கால் வலிக்க நின்றான்.

வெளியே வந்தாள்.

"நிறுத்திட்டேன்" என்றான்.

"தெரியும். சாப்பாட்டுக்கு வந்து போன எடுத்தா எல்லாம் கறுப்பா நிக்குது. நம்ம கம்பெனியில இவ்ளோ பேசறாங்களா?" கையுறையைக் கழற்றவில்லை. "வேல?"

"இருக்கு. அது பெரிய கத. நீ கேளு."

"என்னத்த?"

"அன்னிக்குக் கேட்டத. வாயால கேளு."

அவள் கீழே பார்த்தாள். "எனக்கு அந்த வேலைக்குப் போக ஆசை. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"எனக்குப் பிடிக்கல" என்றான் அட்மின். "கொஞ்சம்கூடப் பிடிக்கல. நீ இல்லாத வீட்டுக்கு சாயங்காலம் எப்படிப் போவேன்னு நெனச்சாலே பயமா இருக்கு. போகாதன்னு சொல்லணும்னுதான் வந்தேன். அது மட்டுமில்ல, கொஞ்ச நேரத்துக்கு முன்னால, உனக்கு அந்த வேலை கிடைச்சது தப்பா இருந்தா நல்லா இருக்கும்னுகூட ஆசைப்பட்டேன். அவ்ளோ கேவலமானவன் நான். ஆனா இப்ப இங்க நின்னு பார்த்தேன்." கண்ணாடியைக் காட்டினான். "நீ போ. போகாம இங்க இருந்தீன்னா, நான்தான் போகவிடலன்னு எனக்கு தினமும் தெரியும். போயிட்டு வா."

மில்லிகிராம் அழுதாள். கையுறை போட்ட கையால் கண்ணைத் தொடக்கூடாது என்பதால் தோளால் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு வரிதான் கேட்டேன்" என்றாள்.

"ஜாஸ்தியாயிடுச்சு."

"இத அன்னிக்கே எழுதியிருந்தீங்கன்னா நான் போக ஒத்துக்கிட்டிருக்கவே மாட்டேன், தெரியுமா? பிடிக்கலன்னு ஒரு வார்த்தை வராதான்னு எவ்ளோ நேரம் அந்த போன் பெட்டிகிட்ட நின்னேன்."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப இப்ப?"

"இப்பதான் நீங்களே போன்னுட்டீங்களே." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "போறேன். உங்க அண்ணனுக்கு வேற வீடு பாருங்க. லீவுக்கு வரும்போது அந்த சைக்கிள் அங்க இருக்கக் கூடாது. பெயிண்டையும் மாத்துங்க."

வியாழக்கிழமை ரயிலேற்றிவிட்டு வந்தான். வெள்ளி சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அண்ணன் தனியாகச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பேச்சு குறைந்திருந்தது. இவன் சைக்கிளிலிருந்து துண்டை எடுத்துப் போட்டுவிட்டு அதன் இருக்கையில் உட்கார்ந்தான். 'சாப்பிட்டியா?' என்று அவளுக்கு எழுதினான்.

கால் மணி நேரம் போனது. விரல் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. ஒரு செய்தி முடிந்து அடுத்த செய்தி தொடங்கியது.

"பதில் இல்லையாடா?" என்றார் அண்ணன். "முன்னல்லாம் உடனே போட்டுடுவாளே."

"அது அவ இல்லண்ணா" என்றான்.

இந்த மாதிரிக் காத்துக்கொண்டிருந்து எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். பயமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. டிவியில் வானிலை சொல்ல ஆரம்பித்தபோது போனில் ஒன்று கறுப்பாகத் தடித்து வந்து நின்றது.

'இப்பதான் போன பார்த்தேன். இன்னும் சாப்பிடல. இங்க குளிர் தாங்கல, உங்க அண்ணன் கம்பளி நாறுது, அவர்கிட்ட சொல்லாதீங்க. ரூம் பெருசு. தராசு எல்லாம் இன்னும் டப்பாவிலயே இருக்கு, நாளைக்கு நானே பிரிக்கணும். ஆசைப்பட்டு வந்துட்டேன், ஆனா எனக்கும் பயமாத்தாங்க இருக்கு.'

அட்மின் படித்தான். மறுபடி படித்தான். பழக்க தோஷம், அவன் கட்டைவிரல் நேராக அந்த மஞ்சள் விரலுக்குத்தான் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டான். டிவியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு, எழுத ஆரம்பித்தான்.